டொகுஜியின் பாதங்கள் குறித்து ஒரு திருத்தம்

1

இந்தக் கதை அறுநூறு எழுத்துகளில் பிறந்தது. ஜப்பானின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரின் மாதச் செய்தித்தாளில், குப்பை எடுக்கும் நாட்களின் அட்டவணைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி உண்டு. அறுநூறு எழுத்துக்கு மேல் அதில் ஒரு புள்ளிகூட நுழையாது. போன வருடம் செப்டம்பரில் அந்தப் பெட்டியை எனக்குக் கொடுத்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: இலையுதிர் காலத்து மீன்பிடிக்குக் கதகதப்பாக உடுத்துவது எப்படி.

என்னைக் கேட்டதில் தப்பில்லை. பதினேழு வருடமாக இந்த ஊர் வேலை உடுப்புக் கடையில் நிற்கிறேன். அக்டோபரில் சால்மன் மீன் கரையோரம் வந்துவிட்டால் ஒகோட்ஸ்க் கடல் முன்னால் வரிசையாக நிற்கிறவர்களில் பாதிப்பேரின் உள்சட்டை என் கையால் எடுத்துக் கொடுத்ததுதான். வந்த புதிதில், வெயில் நாட்டுக்காரி நமக்குக் குளிருக்கு உடுத்தச் சொல்லித்தருகிறாளா என்று சிரித்தார்கள். குளிருக்கு ரொம்பப் பயப்படுகிறவளைத்தானே கேட்க வேண்டும் என்றேன். அதற்கப்புறம் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு வாங்கத் தொடங்கினார்கள்.

பெட்டியை நிரப்பிக் கொடுத்தேன். அதைப் படித்து அதன்படியே செய்ததில் ஒருவருடைய பாதங்கள் வெந்துபோயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது எனக்கு நடந்தது. ஆனால் வெந்தது என் பாதம் இல்லை என்பதால், எனக்கு நடந்தது என்று சொல்லிக்கொள்ளவும் வாய் கூசுகிறது.

2

தொடக்கங்கள்.

[விடியலுக்கு முன் கடல் கறுத்துக் கிடந்தது. கரையில் நின்ற நாற்பது பேரின் மூச்சும் ஒரே திசையில்...]

விட்டுவிட்டேன். அன்று நான் கரையிலேயே இல்லை. வீட்டில் இரண்டு போர்வைக்குள் இருந்தேன். இல்லாத இடத்தைப் பற்றி இவ்வளவு சுலபமாக அழகு வருகிறதென்றால் எனக்கு என் மேலேயே சந்தேகம் வருகிறது.

[குமகாய் டொகுஜி, அறுபத்திரண்டு வயது, முப்பது வருடம் பனி வாரும் வண்டி ஓட்டியவர், அதிகம் பேசாதவர்.]

கடைசி இரண்டு சொல் பச்சைப் பொய். டொகுஜிக்கு வாய் மூடாது. கடைக்கு ஒரு ஜோடி காலுறை வாங்க வந்தால் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் காலுறையை மறந்துவிட்டுப் போவார். நோய் வந்த மனிதரை வாயில்லாதவராக எழுதினால் வாசிக்கிறவர்கள் சீக்கிரம் இரங்குவார்கள் என்று என் கை தானாகவே அப்படி எழுதிவிட்டது. இந்தக் கையை நம்பாதீர்கள். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும்.

[மிசாவோ தன் கணவருக்கு உடுத்திவிட்டாள்.]

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

(பக்கவாட்டில் ஒன்று: மிசாவோவை ‘அவள்’ என்கிறேன், டொகுஜியை ‘அவர்’ என்கிறேன். நேரில் இருவர் பெயரோடும் மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துத்தான் பேசுவேன். ஆனால் அவள் என் தோழி, அவர் தோழியின் கணவர். தமிழில் எழுத உட்கார்ந்ததும் பேனா தானாகப் பிரித்துவிட்டது. என் பெயர் எழிலி. அவர்களுக்கு ழ வராது, எஜிரி என்பார்கள். இந்த ஊரில் அந்தப் பெயரில் வேறொரு குடும்பமே இருக்கிறது, அவர்களுக்கு வரும் கடிதம் எனக்கு வரும்.)

3

மிசாவோ தன் கணவருக்கு உடுத்திவிட்டாள். ஏனென்றால் அவரால் பொத்தான் போட முடியாது.

அதற்கு முந்தைய வருடம் குடல் புற்றுக்கு அறுவை செய்து, எட்டு மாதம் மருந்து ஏற்றினார்கள். மருந்து நோயை விரட்டியது. கூடவே விரல் நுனிகளிலும் பாதங்களிலும் இருந்த உணர்வையும் விரட்டிவிட்டது. "திருடன் போயிட்டான் எஜிரி-சான், போறப்ப என் ரெண்டு காலையும் தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப கீழ இருக்கறது எவனோட காலோ" என்று கடையில் எல்லார் காதிலும் விழச் சொல்வார். மிசாவோ அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போவாள்.

போன அக்டோபரில் மருத்துவர் ஒரு காலைப்பொழுது கடலுக்குப் போய்வர அனுமதி கொடுத்தார். உடம்பு சில்லிட்டுவிடக் கூடாது என்பது நிபந்தனை. மிசாவோ மழலையர் பள்ளியில் சமையல் செய்கிறவள். எதையும் அளந்து, குறிப்பைப் பார்த்துச் செய்கிறவள். என் பெட்டியைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். விடியலில் அதன் முன்னால் கணவரை நிறுத்தி, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியாக உடுத்திவிட்டாள்.

முதலில் மெல்லிய உள்சட்டை. பருத்தி கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்ளும், அப்புறம் காற்று அடித்தால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற கதிதான். அதற்கு மேல் கம்பளி. வயிற்றைச் சுற்றிப் பட்டை, அறுவைத் தழும்பு உரசாமல் ஒரு துணி மடித்துவைத்து. அதற்கு மேல் பஞ்சு போன்ற சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத சட்டை. இந்த ஊரில் மணிக்கட்டைக் கையின் கழுத்து என்றும் கணுக்காலைக் காலின் கழுத்து என்றும் சொல்வார்கள். கழுத்துகள் எல்லாவற்றையும் மூடினால் பாதி குளிர் ஓடிவிடும் என்று எழுதியிருந்தேன். மூடினாள். அவசரமாக உடுத்தினால் வீட்டிலேயே வேர்த்துவிடும், நிதானமாக உடுத்துங்கள் என்று எழுதியிருந்தேன். நடுநடுவே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, கடைப் பொம்மைக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

கடைசி வரி ஒட்டும் சூட்டுப்பை. உறையைக் கிழித்தால் காற்றுப் பட்டுத் தானாகச் சூடேறும் சின்னப் பை, முதுகுப்பக்கம் ஒட்டினால் அரை நாள் தாங்கும். இந்த ஊரில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அது இல்லாத உடம்பே கிடையாது. கழுத்துக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று, இரண்டு பாதத்துக்கும் அடியில் காலுறைக்கு மேல் ஒவ்வொன்று. நான் எழுதினேன், அவள் ஒட்டினாள். மேலே இன்னொரு தடித்த காலுறையை மாட்டி, மார்புவரை வரும் ரப்பர் காலுடைக்குள் அவரை இறக்கினாள்.

ஐந்து மணி நேரம் அலையின் ஓரத்தில் நின்றார். ஒரே ஒரு மீன். பெண் மீன், வயிறு நிறைய முட்டை. மிசாவோ முட்டைகளைப் பிரித்து சோயாவில் ஊறவைத்து மறுநாள் எனக்கு ஒரு டப்பா கொண்டுவந்தாள். சூடான சோற்றின் மேல் போட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் பாதம் வெந்துகொண்டிருந்த நேரத்தில் பிடித்த மீனின் முட்டையை நான் இரண்டாவது கிண்ணமும் நிரப்பித் தின்றேன்.

அன்று மாலை குளியலறையில் மிசாவோ பார்த்தாள். இடது குதிகாலில் நனைந்த காகிதம் போல் வெள்ளையாக ஒரு திட்டு, வலது பாதக் குழிவில் இன்னொன்று. பெரிய சூடு இல்லை, கையில் வைத்தால் இதமாக இருக்கும் அளவுதான். அந்த இதம் ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் சதை உள்ளே இறங்கி வெந்துவிடும். நமக்கெல்லாம் சுரீர் என்றதும் காலை உதறுவோம். அவருக்குச் சுரீர் என்பதே இல்லை. பனி விழுந்து, இறுகி, கடலும் உறைந்த பிறகுதான் ஆறியது. நான்கு மாதம்.

4

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அது மிசாவோ. முதல் வரைவில் அவளைச் சாந்தமானவளாக எழுதிவிட்டேன். இந்த ஒரு வருடமாக அவள் அப்படித்தான் இருக்கிறாள். ஆனால் எனக்குத் தெரிந்த மிசாவோ அது இல்லை.

எனக்குத் தெரிந்த மிசாவோ திட்டுவாள். எங்கள் தெருவில் காலை ஆறே முக்கால் ஆயிற்று என்பதை, டொகுஜி ஈரத் துண்டை எங்கே போட்டார் என்று அவள் கேட்கிற சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம். "அப்பா, எந்திரி. அப்பா, இதான் நீ தேச்ச பல்லா." பெண் பிறந்த நாளிலிருந்து அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அவர் அவளை அம்மா என்கிறார். அந்தப் பெண்ணைச் சப்போரோவுக்குக் கட்டிக்கொடுத்துப் பத்து வருடம் ஆகிறது. நோய் வந்தபோது மிசாவோவின் குரல் பாதியானது. பாதம் வெந்தபின் மீதியும் போயிற்று. கட்டுப் பிரித்துக் கழுவும் ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நீ என்பது நீங்க ஆகிவிட்டது. என்னிடமும் வந்து கேட்டாள். "நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. கால் மரத்துப்போனவருக்கு ஒட்டக் கூடாதுன்னு யாராச்சும் எழுதிக் காட்டணுமா? கூடவே இருக்கறவளுக்குத் தெரிய வேண்டாமா?" நான் தேநீரைக் குடித்தேன்.

இப்போது மறுபடி அக்டோபர். போன மாதம் எடுத்த படத்தில் ஈரலில் ஏதோ தெரிகிறதாம். நவம்பரில் மறுபடியும் மருந்து ஏற்ற ஆரம்பிப்பார்கள். அடுத்த அக்டோபரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. டொகுஜிக்கு இந்த மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு காலை கடலுக்கு முன்னால் நிற்க வேண்டும். மிசாவோ முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம்ங்க என்கிறாள், சாயங்காலம் கேட்டால் இன்னிக்குக் காற்று அதிகம்ங்க என்கிறாள். அவள் உடுத்திவிடாமல் அவரால் வாசல் தாண்ட முடியாது.

போன திங்கட்கிழமை கடைக்கு வந்தார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். பொம்மைக்குப் போட்டிருந்த சட்டையை ஒரு விரலால் தொட்டு, எனக்கும் இந்த மாதிரி இங்கேயே போட்டு அனுப்பிவிடுங்களேன், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றார். நான் முடியாது என்றேன். வழக்கம்போல் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மீனுக்காக இல்ல எஜிரி-சான். என்னை ஏசறதுக்கு வீட்டுல ஆள் இல்ல. விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன். பூஜை மாடத்துல இருக்கற செத்தவங்க படத்துக்கிட்ட எப்படிப் பேசுவாங்க, அப்படிப் பேசறா. நான் இன்னும் சாகலையே. அவ கையால உடுத்திக்கிட்டு, இப்படித் திரும்பு அப்படித் திரும்புன்னு நாலு வார்த்தை வாங்கிக்கிட்டுப் போகணும்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். சூட்டுப்பையின் உறையில் போட்டிருந்ததாம், உணர்வு குறைந்தவர்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. மிசாவோ கண்ணாடி போட்டிருக்கவில்லை, கதவில் ஒட்டிய என் பெட்டியைத்தான் கண்ணை அருகே கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் உறையைப் படித்துவிட்டார். சொன்னால் போகவிட மாட்டாள் என்று கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வருடமாக அவள் அவர் காலடியில் மன்னிப்புக் கேட்கிறாள், அவர் பரவாயில்லை என்று தலையாட்டுகிறார். இப்போது சொன்னால் அவள் மனசு தாங்காது, நீங்களும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, வாங்க வந்த கையுறையை மறந்துவிட்டுப் போனார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் சொல்லி முடித்தபோது என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, ஜில்லென்று ஆறியது. அப்பாடா, இன்னொருவரும் இருக்கிறார் என்று ஆறியது.

5

என் ஜப்பானிய வரைவு அறுநூற்று முப்பத்தெட்டு எழுத்து இருந்தது. முப்பத்தெட்டு எழுத்தை எடுத்தாக வேண்டும். சரியாக அந்த அளவில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன.

ஒன்று: கடல் யாருக்கும் போர்வை போர்த்துவதில்லை, போர்த்திக்கொண்டு போவது நம் பொறுப்பு.

இன்னொன்று: (வெட்டியது) கை கால் மரத்துப்போனவர்கள் சூட்டுப்பையை ஒட்டவே கூடாது; வெந்தாலும் தெரியாது.

அரை மணி நேரம் யோசித்தேன். யோசிக்காமல் செய்த தவறு என்று சொல்லித் தப்ப முடியாது. முதல் வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அயல்நாட்டுக்காரி இவ்வளவு நன்றாக எழுதுகிறாளே என்று யாராவது சொல்வார்கள் என்று தோன்றியது. சொன்னார்கள். நான்கு பேர் கடைக்கு வந்து அந்த வரியை என்னிடமே சொல்லிக் காட்டினார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரிப் பேச்சு என்று இரண்டாவதை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது டொகுஜியின் முகம் நினைவுக்கு வந்ததா?

வந்தது. இந்த உடம்போடு அவர் எங்கே கடலுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. வாக்கியங்கள் மனிதர்களை எப்படி... மொழியின் அழகு என்பது... என்றெல்லாம் போயிற்று. மறுபடியும் அழகான வரியைத் தேடிக்கொண்டு போகிறேன் என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன்.]

6

எப்படி முடிக்கலாம் என்று பார்த்தேன்.

செய்தித்தாளில் ஒரு திருத்தம் போடலாம். அலுவலகத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டேன். இந்த மாதப் பெட்டி காளானுக்குப் போய்விட்டது, அடுத்த மாதம் கூரைப் பனி தள்ளுவது பற்றி, ஜனவரியில் பார்க்கலாமா என்றாள். ஜனவரியில் கடலே உறைந்துபோயிருக்கும்.

கடையில் உடுத்துப் பார்க்கும் அறையில் வைத்து டொகுஜிக்கு நானே உடுத்திவிடலாம். நானே வண்டி ஓட்டிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தலாம், மீனும் கிடைக்கலாம். எழுத நன்றாக வரும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அது அவர் உறையைக் கசக்கிப் பைக்குள் போட்டதையே இரண்டாம் தடவை செய்வதாகும்.

மூன்றாவது முடிவு உங்களுக்கே தோன்றியிருக்கும். நான்காம் பகுதியில் ஈரல் என்று படித்ததுமே தோன்றியிருக்கும். அதை எழுத மாட்டேன். கதையில் ஒருவரைக் கொல்வது சுலபம். நான் அந்த மனிதருக்குக் காலணி அளவு எடுத்தவள்.

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இதையெல்லாம் ஏன் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்? அந்தப் பெட்டியை ஜப்பானிய மொழியில் எழுதத் தெரிந்தவளுக்கு இதை எழுதத் தெரியாதா? இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். ஊரறிய ஒப்புக்கொள்கிற மாதிரியும் இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது. வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உங்கள் பாதம் வேகவில்லை.

7

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பிற்பகலில் குமகாய் வீட்டுக்குப் போனேன்.

மிசாவோ தாழ்வான மேசை முன்னால் உட்கார்ந்து, யாரோ கொடுத்த மீனின் முட்டைப்பையைக் கம்பி வலையில் தேய்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். டொகுஜி பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கால் மடித்து, குதிகால் மேல் உட்கார்ந்தேன். எப்போதும் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறவள் இப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும் மிசாவோ வலையைக் கீழே வைத்தாள்.

ஒரு கதை எழுதியிருக்கிறேன், என் மொழியில், வாசித்துச் சொல்லட்டுமா என்றேன். ஒரு வரி தமிழில் பார்த்து, மனசுக்குள் திருப்பி, அவள் மொழியில் சொன்னேன். குரங்கை விட்டுவிட்டேன். உடுத்திய பகுதி வந்ததும் அவள் தலையசைத்தாள், ஆமாம், வயிற்றுப்பட்டைக்குள் துணி வைத்தேன் என்றாள். இரண்டு கிண்ணத்துக்கு லேசாகச் சிரித்தாள். முப்பத்தெட்டு எழுத்து வந்தது. வெட்டிய வாக்கியத்தைச் சொன்னேன். அந்த நாள் அவர் நினைவு எனக்கு வந்ததையும் சொன்னேன்.

அவள் வலையில் ஒட்டியிருந்த ஒரு முட்டையை விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். "தெரிஞ்சும் எடுத்தீங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரிக்கு அர்த்தம் எனக்கு இன்னும் தெரியாது.

அப்புறம், "நடுவுல ஒரு தாளைத் தள்ளிட்டீங்களே, அது என்ன?" என்றாள்.

குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறவள் இல்லையா. எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். டொகுஜி கடைக்கு வந்த தாளை மட்டும் அடியில் செருகி வைத்திருந்தேன். அது என்னுடையது இல்லை, படிக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து அறையில் தொலைக்காட்சி நின்றது.

கதவு நகர்ந்தது. டொகுஜி நின்றிருந்தார். கீழே பார்த்து, ஒவ்வொரு காலாக எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார், இப்போதெல்லாம் அப்படித்தான் நடக்கிறார். மிசாவோவின் முன்னால் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார்.

"அது என்னோட தாளு, அம்மா. உறையில போட்டிருந்துச்சு. நான் படிச்சேன். நீ பாக்கறதுக்குள்ள கசக்கிப் பையில போட்டுட்டேன்."

இந்த இடத்தில் நான் ஒரு வர்ணனை எழுதவேண்டும். எழுதவில்லை. மிசாவோ எழுந்து போனாள், தொட்டியில் கையைக் கழுவினாள், துண்டில் துடைத்தாள், துண்டை மடித்துப் போட்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். போய்விடுங்கள் என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"படிச்ச" என்றாள்.

"படிச்சேன்."

"நாலு மாசம். தினம் உன் காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன். தினம் மன்னிச்சிக்குங்கன்னு குனிஞ்சேன். நீ மேல உக்காந்துக்கிட்டுப் பரவால்ல பரவால்லன்னு தலையாட்டின. முட்டாளா நீ? ஒரு மீனுக்கு? எங்கிட்டச் சொன்னா போக விட்டிருக்க மாட்டேனா? ஆமா, விட்டிருக்க மாட்டேன். இல்ல, பையை எடுத்துட்டு விட்டிருப்பேன். அரை மணிக்கு ஒருதடவை உன் காலைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டுக் கரையில நின்னிருப்பேன். அதுகூட உனக்குத் தோணல. முப்பத்தஞ்சு வருஷமா உனக்குத் தோணல."

குரல் ஏறிக்கொண்டே போனது. தோட்டத்தில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். ஈரத் துண்டு வந்தது, மறந்துவிட்டு வந்த காலுறைகள் வந்தன, கல்யாணமான வருடம் பனிப் புயலில் அவளை ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் காக்கவைத்தது வந்தது. டொகுஜி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். அழுகையும் இருந்தது.

"சிரிக்காத" என்றாள் மிசாவோ. "சிரிக்காத அப்பா, நான் இன்னும் முடிக்கல." அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

எனக்கு அங்கே இருக்க வேலையில்லை என்று தோன்றியது. தாள்களை அடுக்கிக்கொண்டு மெதுவாக எழப் பார்த்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"எஜிரி-சான், எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. உங்களுக்கு அப்புறம் இருக்கு."

8

இங்கே முடிவு வரவேண்டும். அவர்கள் கடலுக்குப் போனார்களா என்று கேட்பீர்கள். மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, சொல்ல முடியாது. நீங்கள் நல்லவராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே போனார்கள், அவள் உடுத்திவிட்டாள், பொத்தானுக்கு ஒரு வசவு என்று முடித்துக்கொள்வீர்கள். முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. சூட்டுப்பை மட்டும் வேண்டாம்.

உண்மையில் அன்று நான் எப்போதோ வீட்டுக்கு வந்துவிட்டேன், இதை என் மேசையில்தான் எழுதுகிறேன். ஆனால் கதையில் எழுந்திருப்பதாக இல்லை. கதையில் மிசாவோ இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், இப்போதுதான் மகள் பிறந்த வருடத்துக்கு வந்திருக்கிறாள். நான் குதிகால் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் மரத்துவிட்டன. மேசைக்கு அடியில் கையை விட்டு என் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். யாருடைய பாதத்தையோ கிள்ளியது போல் இருந்தது. இன்னும் அழுத்திக் கிள்ளினேன், அப்போதும் ஒன்றுமில்லை. என்னுடையது, எழுந்து நின்றால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும்.

நீங்கள் கிளம்புவதானால் கிளம்புங்கள், வாசகரே. காலணியை வாசலில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே காற்று அதிகம். நான் இருக்கிறேன். என் முறை இன்னும் வரவில்லை.